லினக்ஸில் யூஎஸ்பி டிஏசி வழியே ஹை-ரெஸ் ஒலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூஎஸ்பியில் செருகும் டிஜிட்டல்–அனலாக் மாற்றியை, அதாவது டிஏசியை, லினக்ஸ் கணினியில் வைத்து இசை கேட்பவர்களுக்கானது இந்தப் பக்கம். கேள்விகள் பல இருந்தாலும் விடைகளில் பாதி ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும்: பிளேயர் திரையில் காட்டும் எண்ணை நம்பாமல் லினக்ஸின் மையமான கெர்னலைக் கேளுங்கள். கட்டளைகள், கோப்புப் பெயர்கள் எல்லாவற்றையும் உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். பெரிய எழுத்து என்று சொன்ன இடங்களைத் தவிர, டெர்மினலில் அவற்றுக்குரிய ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும்.

லினக்ஸுக்குத் தனி டிரைவர் நிறுவ வேண்டுமா?

அநேகமாக வேண்டாம். யூஎஸ்பி ஆடியோ கிளாஸ் என்ற பொது நெறியைப் பின்பற்றும் எந்த டிஏசியும் கெர்னலிலேயே இருக்கும் எஸ்என்டி-யூஎஸ்பி-ஆடியோ இயக்கியால் இயங்கிவிடும். இந்த நெறியின் இரண்டாம் பதிப்புதான் ஹை-ரெஸ்ஸுக்கு, அதாவது குறுவட்டை விட உயர் தெளிவு ஒலிக்கு, அடிப்படை. அதற்கான ஆதரவு லினக்ஸ் கெர்னலில் 2.6.35 பதிப்பிலேயே, 2010இல், வந்துவிட்டது. விண்டோஸில் அதே வசதி தனி டிரைவர் இல்லாமல் கிடைத்தது 2017இல்தான். ஆகவே பெட்டியில் லினக்ஸ் என்ற பெயர் இல்லை என்பதற்காக ஒரு டிஏசியை ஒதுக்க வேண்டாம். ‘மேக் கணினிக்கு டிரைவர் தேவையில்லை’ என்று அதில் எழுதியிருந்தால் அது பொது நெறியைப் பின்பற்றும் கருவி என்று பொருள். லினக்ஸிலும் அது வேலை செய்யும் வாய்ப்பு மிக அதிகம். சொந்த நெறியில் பேசும் பழைய கருவிகள் சில உண்டு. அவற்றில் ஹைஃபேஸ் போன்ற சிலவற்றுக்குக் கெர்னலில் தனி இயக்கியே எழுதப்பட்டிருக்கிறது.

பெட்டியில் 192 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதம் (வினாடிக்கு 1,92,000 மாதிரிகள்) என்று போட்டிருக்கிறது. எனக்கு 96க்கு மேல் வரவில்லையே?

டிஏசி முதல் பதிப்பு நெறியில் இயங்கிக்கொண்டிருக்கிறது என்பதே பெரும்பாலும் காரணம். அந்தப் பதிப்பு 12 மெகாபிட் வேகத்தில் ஓடுகிறது. ஒவ்வொரு மில்லிவினாடிக்கும் அதிகபட்சம் 1023 பைட்டுகளைத்தான் அனுப்ப முடியும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், இரண்டு சேனல் என்றால் மில்லிவினாடிக்கு 576 பைட்டுகள். தாராளமாக இடம் இருக்கிறது. 176.4க்குப் போனால் 1058, 192க்குப் போனால் 1152. இரண்டுமே கொள்ளாது. எந்த அமைப்பை மாற்றினாலும் இந்தக் கணக்கு மாறாது.

எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை ‘-டி’ விருப்பத்துடன் ஓட்டினால், இணைந்திருக்கும் கருவிகள் கிளை கிளையாகத் தெரியும். டிஏசிக்கு நேரே 480எம் என்று இருந்தால் நல்லது. 12எம் என்று இருந்தால் மூன்று இடங்களைப் பாருங்கள். சில டிஏசிகளில் முதல் பதிப்பு, இரண்டாம் பதிப்பு என்று மாற்றும் சுவிட்ச் பின்புறத்திலோ அமைப்புப் பட்டியலிலோ இருக்கும். கேபிள் மோசமாக இருந்தாலும் இணைப்பு கீழ் வேகத்துக்கு இறங்கிவிடும். நடுவில் பழைய ஹப் இருந்தால் அதை எடுத்துவிட்டுக் கணினியில் நேரடியாகச் செருகிப் பாருங்கள்.

என் டிஏசி எந்தெந்த வீதங்களை ஏற்கும் என்று எங்கே பார்ப்பது?

முதலில் ஏபிளே கட்டளையை ‘-எல்’ விருப்பத்துடன் ஓட்டி, டிஏசிக்குக் கிடைத்திருக்கும் கார்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 1 என்று வைத்துக்கொள்வோம். இனி /ப்ராக்/ஏசவுண்ட்/கார்டு1/ஸ்ட்ரீம்0 என்ற கோப்பைத் திறந்து படியுங்கள். சாதாரண உரைக் கோப்புதான். எந்த மென்பொருளும் தேவையில்லை.

இந்தக் கோப்பைப் படிக்கப் பழகிக்கொள்வது நல்ல முதலீடு. டிஏசி தன்னைப் பற்றி என்ன அறிவித்திருக்கிறதோ அது அப்படியே இதில் இருக்கும். ஆல்ட்செட் என்று ஒவ்வொரு பகுதியாகப் பிரித்து, அதன்கீழ் வடிவம், சேனல்கள், மாதிரி வீதங்கள் எழுதப்பட்டிருக்கும். எண்ட்பாயின்ட் வரியின் முடிவில் ஏசிங்க் என்று இருந்தால் டிஏசி தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடுகிறது. கணினியிடம் ‘இன்னும் கொஞ்சம் வேகமாகக் கொடு, மெதுவாகக் கொடு’ என்று அதுவே கேட்டு வாங்கிக்கொள்கிறது. பாட்டு ஓடும்போது இதே கோப்பைத் திறந்தால் மொமென்டரி ஃப்ரீக் என்ற வரியில் அந்தக் கேட்டு வாங்கும் வேகம் தெரியும். அது சரியாக 96000 என்று இல்லாமல் 95999 என்றோ 96001 என்றோ இருந்தால் கவலைப்பட வேண்டாம். இரண்டு படிகங்களுக்கு இடையே இயல்பாக இருக்கும் சிறு வேறுபாடுதான் அது.

பாட்டு ஓடும்போது டிஏசிக்கு உண்மையில் என்ன போகிறது?

பிளேயர் தான் திறந்த கோப்பின் விவரத்தைக் காட்டுகிறது. அதற்கும் டிஏசியை அடைவதற்கும் தொடர்பு இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. விடை /ப்ராக்/ஏசவுண்ட்/கார்டு1/பிசிஎம்0பி/சப்0/ஹெச்டபிள்யூ_பாரம்ஸ் என்ற கோப்பில் இருக்கிறது. எதுவும் ஓடாதபோது அதில் குளோஸ்டு என்ற ஒரே சொல் இருக்கும். ஓடும்போது ஃபார்மட், சேனல்ஸ், ரேட் ஆகிய வரிகள் வரும். 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பு ஓடுகையில் ரேட் வரியில் 96000 இருந்தால் வீதம் மாறாமல் போகிறது. 48000 இருந்தால் நடுவில் யாரோ மாற்றுகிறார்கள்.

ஒலி நன்றாக இல்லை என்று கேபிளை மாற்றுவது, டிஏசியை மாற்றுவது, வேறு லினக்ஸ் வெளியீட்டுக்குத் தாவுவது என்று பணத்தையும் நேரத்தையும் செலவழிப்பதற்கு முன் இந்த ஒரு கோப்பைப் பாருங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். வேறு இயங்குதளங்களில் ஊகிக்க வேண்டியதை லினக்ஸ் இங்கே எழுதியே வைத்திருக்கிறது.

சரி, பார்த்துவிட்டேன். 96 கோப்புக்கும் 48000 என்றுதான் இருக்கிறது. யார் மாற்றுவது?

இன்றைய பெரும்பாலான கணினிகளில் பைப்வயர். ஃபெடோரா 2021இல் 34ஆம் வெளியீட்டிலும், உபுண்டு 22.10 வெளியீட்டிலும் அதற்கு மாறின. எல்லாச் செயலிகளின் ஒலியையும் வாங்கி, கலந்து, ஒரே ஓட்டமாக டிஏசிக்குக் கொடுப்பது அதன் வேலை. கலக்க வேண்டுமானால் எல்லாம் ஒரே வீதத்தில் இருக்க வேண்டும். அதற்கு அது எடுத்துக்கொள்ளும் இயல்பு வீதம் 48000. அனுமதிக்கப்பட்ட வீதங்களின் பட்டியலிலும் இயல்பாக அந்த ஒரே எண்தான் இருக்கிறது. எனவே உங்கள் 44.1 கோப்பும் 192 கோப்பும் அங்கே வந்து 48 ஆகின்றன.

மாற்றுவது எளிது. உங்கள் வீட்டுக் கோப்பகத்தில் .கான்ஃபிக்/பைப்வயர்/பைப்வயர்.கான்ஃப்.டி என்ற கோப்பகத்தை உருவாக்கி, .கான்ஃப் என்று முடியும் பெயரில் ஒரு கோப்பை அதில் வையுங்கள். அதில் எழுத வேண்டியது இவ்வளவுதான்:

கான்டெக்ஸ்ட்.ப்ராப்பர்ட்டீஸ் = { டிஃபால்ட்.கிளாக்.அலவ்டு-ரேட்ஸ் = [ 44100 48000 88200 96000 176400 192000 ] }

எண்களுக்கு நடுவே இடைவெளி போதும். உங்கள் டிஏசியின் ஸ்ட்ரீம்0 கோப்பில் இல்லாத வீதங்களைச் சேர்க்காதீர்கள். பிறகு பைப்வயர் சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள், அல்லது வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். பாட்டு ஓடுகையில் பிடபிள்யூ-டாப் என்ற கட்டளையைத் திறந்து வைத்தால், ஒவ்வொரு ஓட்டத்தின் வீதமும் ரேட் என்ற நிரலில் உடனுக்குடன் தெரியும்.

இதைச் செய்த பிறகும் சிலருக்கு வீதம் மாறுவதில்லை. டிஏசி சும்மா இருக்கும்போது மட்டுமே பைப்வயர் வீதத்தை மாற்றும். உலாவியில் ஏதோ ஒரு தாவல் ஒலி ஓட்டத்தைத் திறந்து வைத்திருந்தால், அது அமைதியாகவே இருந்தாலும், பாட்டு அதன் வீதத்துக்குத்தான் மாற்றப்படும். தாவலை மூடிவிட்டுப் பாட்டை மறுபடி தொடங்குங்கள்.

பழைய கணினியில், பைப்வயருக்கு முன் அதே வேலையைச் செய்த பல்ஸ்ஆடியோ இருந்தால் இரண்டு சிக்கல்கள். அது 44100, 48000 என்ற இரண்டு வீதங்களுக்குள்ளேயே இயல்பாக நிற்கும். அதோடு மாதிரி வடிவமும் இயல்பாக 16 பிட். இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. 24 பிட் கோப்பின் கடைசி 8 பிட்டுகள் அங்கேயே உதிர்ந்துவிடுகின்றன. டீமன்.கான்ஃப் கோப்பில் அவாய்டு-ரீசாம்ப்ளிங் என்பதை எஸ் என்றும், டிஃபால்ட்-சாம்பிள்-ஃபார்மட் என்பதை எஸ்32எல்இ என்றும் வையுங்கள். முதல் விருப்பம் 2017இல் வந்த 11ஆம் பதிப்பு முதல் இருக்கிறது.

பைப்வயரைத் தவிர்த்து நேரடியாக டிஏசிக்கு அனுப்புவது மேலானதா?

எண்கள் மாறக்கூடாது என்பதே நோக்கமென்றால், இரண்டு வழியிலும் அதை அடையலாம். பைப்வயர் உள்ளே 32 பிட் மிதவைப் புள்ளி எண்களில் வேலை செய்கிறது. 24 பிட் முழு எண் எதுவும் அதில் இழப்பின்றி அடங்கும். வீதம் பொருந்தி, ஒலியளவு முழுமையாக இருந்து, வேறு எந்தச் செயலியின் ஒலியும் கலக்காவிட்டால் உள்ளே போனதே வெளியே வரும். வேறு வேலைகளுக்கும் பயன்படும் கணினி என்றால் இந்த வழியே வசதி என்பது என் கருத்து.

இசைக்கென்றே ஒதுக்கிய கணினியில் நேரடி வழிதான் சிறந்தது. நடுவில் ஆள் இல்லாததால் சந்தேகமும் இல்லை. எம்பிடி, டெட்பீஃப், ஸ்ட்ராபெரி போன்ற பிளேயர்களில் வெளியீட்டை அல்சா (கெர்னலின் ஒலி அமைப்பு) என்று தேர்ந்து, கருவியின் பெயராக ஹெச்டபிள்யூ என்று தொடங்குவதைக் கொடுங்கள். ப்ளக்ஹெச்டபிள்யூ என்று தொடங்குவது வேறு. டிஏசி ஏற்காத வீதம் வந்தால் அது சத்தமில்லாமல் மாற்றிக் கொடுத்துவிடும். ஹெச்டபிள்யூ அப்படிச் செய்யாது, பிழை காட்டி நின்றுவிடும். அந்தப் பிழை உங்களுக்கு நன்மையே செய்கிறது. எம்பிடியில் கூடுதலாக ஆட்டோ_ரீசாம்பிள் என்பதை நோ என்று வையுங்கள்.

‘கருவி வேறு வேலையில் இருக்கிறது’ என்று பிழை வருகிறதே?

நேரடி வழியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் டிஏசியைப் பிடிக்க முடியும். பாவுகன்ட்ரோல் செயலியின் கட்டமைப்புத் தாவலில் டிஏசியின் சுயவிவரத்தை ஆஃப் என்று மாற்றினால் பைப்வயரோ பல்ஸ்ஆடியோவோ அதை விட்டுவிடும். வேறு யார் பிடித்திருக்கிறார்கள் என்று அறிய, ஃப்யூசர் கட்டளையை ‘-வி’ விருப்பத்துடன் /டெவ்/எஸ்என்டி கோப்பகத்தில் இருக்கும் கோப்புகளின் மேல் ஓட்டுங்கள்.

கணினியை மறுதொடக்கம் செய்தால் கார்டு எண் மாறிவிடுகிறது.

எண்ணைப் பயன்படுத்தாமல் பெயரைப் பயன்படுத்துங்கள். ஏபிளே கட்டளையில் பெரிய எழுத்து ‘-எல்’ விருப்பம் கொடுத்தால் ஒவ்வொரு கருவியின் பெயரும் வரும். ஹெச்டபிள்யூ: என்பதற்குப் பின் பெரிய எழுத்துகளில் கார்டு= என்று போட்டு அந்தப் பெயரைச் சேர்த்து எழுதினால், எந்தத் துளையில் செருகினாலும் அதே டிஏசிதான்.

24 பிட் கோப்புக்கு எஸ்32_எல்இ என்று காட்டுகிறது. தவறா?

இல்லை. 24 பிட்டுகள் 32 பிட் இடத்தில் வைக்கப்பட்டு மீதி பூஜ்யத்தால் நிரப்பப்படுகின்றன. சில டிஏசிகள் எஸ்24_3எல்இ என்ற மூன்று பைட் வடிவத்தை ஏற்கும். இரண்டிலும் இசையின் எண்கள் ஒன்றே.

டிஎஸ்டி கோப்புகளை எப்படி ஓட்டுவது?

1999இல் வந்த எஸ்ஏசிடி வட்டுகளின் வடிவம் இது. வினாடிக்கு 28,22,400 முறை ஒரே ஒரு பிட். டிஎஸ்டி64 என்பது இதைத்தான் குறிக்கிறது, குறுவட்டின் 44.1 கிலோஹெர்ட்ஸைப் போல 64 மடங்கு. இதன் மடங்குகளே டிஎஸ்டி128, டிஎஸ்டி256.

டிஏசிக்கு அனுப்ப இரண்டு வழிகள். முதலாவது டாப், அதாவது டிஎஸ்டியை சாதாரண ஒலி வடிவமான பிசிஎம்முக்குள் வைத்து அனுப்பும் முறை (பிடபிள்யூ-டாப் கட்டளைக்கும் இதற்கும் தொடர்பில்லை). டிஎஸ்டியின் 16 பிட்டுகளை எடுத்து, ஒரு 24 பிட் பிசிஎம் மாதிரியின் கீழ்ப் பகுதியில் வைத்து, மேல் 8 பிட்டுகளில் ஓர் அடையாளத்தை வைப்பார்கள். பதினாறடிமான எண்ணில் 05, எஃப்ஏ என்று அந்த அடையாளம் மாறி மாறி வரும். டிஏசி அதைக் கண்டுகொண்டு உள்ளே இருப்பது டிஎஸ்டி என்று பிரித்தெடுக்கும். 28,22,400ஐ 16ஆல் வகுத்தால் 1,76,400; ஆகவே டிஎஸ்டி64க்கு உங்கள் டிஏசி 176.4 கிலோஹெர்ட்ஸை ஏற்க வேண்டும். டிஎஸ்டி128க்கு 352.8, டிஎஸ்டி256க்கு 705.6. கடைசி வீதத்தை ஏற்கும் டிஏசிகள் குறைவு என்பதால் பெரும்பாலானவற்றில் டாப் வழி 128உடன் முடிந்துவிடும்.

இரண்டாவது வழி, டிஎஸ்டியை அப்படியே அனுப்புவது. இதில் ஒரு சிக்கல்: இதை ஏற்கும் டிஏசிகள் எல்லாம் ஒரே விதமாகத் தம்மை அறிவிப்பதில்லை. எனவே கெர்னல் இயக்கி, தயாரிப்பாளர் எண், கருவி எண் ஆகியவற்றைக் கொண்டு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பட்டியலில் இருந்தால் ஸ்ட்ரீம்0 கோப்பில் டிஎஸ்டி_யூ32_பிஇ போன்ற வடிவம் தெரியும். தெரியவில்லை என்றால் முதலில் புதிய கெர்னலைப் பயன்படுத்திப் பாருங்கள். 5.15 முதல் குவர்க்_ஃப்ளாக்ஸ் என்ற விருப்பத்தின் வழியே, பட்டியலில் இல்லாத டிஏசிக்கும் இந்த வசதியை நாமே இயக்க முடியும்.

எம்பிடியில் டாப் வழிக்கு, வெளியீட்டுப் பகுதியில் டாப் என்பதை எஸ் என்று வைத்தால் போதும். முதல்முறை ஓட்டும்போது ஆம்ப்ளிஃபையரின் ஒலியை நன்றாகக் குறைத்து வையுங்கள். வழியில் எங்காவது எண்கள் மாறினால் டிஏசி அடையாளத்தைத் தவறவிட்டு, எல்லாவற்றையும் பிசிஎம் என்று எண்ணி இரைச்சலாக வெளியிடும். அது ஸ்பீக்கருக்கும் நல்லதல்ல, காதுக்கும் நல்லதல்ல.

இதில் ஒரு பயனும் இருக்கிறது. டிஏசியின் டிஎஸ்டி விளக்கு டாப் வழியில் எரிந்தால், அந்த வழியில் ஒலியளவோ வீதமோ மாற்றப்படவில்லை என்று பொருள். மாற்றப்பட்டிருந்தால் அடையாளம் பிழைத்திருக்காது. டிஎஸ்டியில் ஆர்வமே இல்லாதவர்களும் தங்கள் அமைப்பைச் சோதிக்க ஒரு டிஎஸ்டி கோப்பை வைத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு பாட்டின் முதல் நொடியும் வெட்டுப்படுகிறது.

சில விநாடிகள் ஒலி இல்லாவிட்டால் பைப்வயரின் துணைச் சேவையான வயர்ப்ளம்பர் டிஏசியை மூடிவிடும்; இயல்பாக 5 விநாடிகள். மறுபடி திறக்கும்போது டிஏசி கடிகாரத்தைப் பிடித்து, ரிலேயைத் திறக்கச் சற்று நேரம் எடுக்கும். அதற்குள் பாட்டு தொடங்கிவிடுகிறது. வயர்ப்ளம்பர் அமைப்பில் செஷன்.சஸ்பெண்ட்-டைம்அவுட்-செகண்ட்ஸ் என்பதை அந்த டிஏசிக்கு மட்டும் 0 என்று வைத்தால் தீரும். 44.1லிருந்து 96க்கு மாறும்போது மட்டும் வெட்டுப்பட்டால் அது டிஏசியின் இயல்பு. பிளேயரில் பாட்டுகளுக்கு நடுவே சிறு மௌனம் சேர்க்கும் வசதி இருந்தால் உதவும்.

இடையிடையே ‘படபட’ என்று சத்தம் வருகிறது.

பிடபிள்யூ-டாப் கட்டளையில் இஆர்ஆர் என்ற நிரலைப் பாருங்கள். சத்தம் வரும்போதெல்லாம் அந்த எண் ஏறினால் கணினி உரிய நேரத்தில் தரவு கொடுக்கவில்லை. இடையகத்தின் அளவைக் கூட்டுங்கள். எண் ஏறாமலே சத்தம் வந்தால் யூஎஸ்பி இணைப்பில்தான் கோளாறு. டிஏசியை வேறு துளையில் செருகுங்கள். வெளி வன்வட்டும் டிஏசியும் ஒரே ஹப்பில் இருக்க வேண்டாம். ராஸ்பெர்ரி பை வைத்திருப்பவர்கள் கவனிக்க: 2019இல் வந்த 4ஆம் மாதிரிக்கு முந்தையவற்றில் வலையிணைப்பும் யூஎஸ்பி துளைகளும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொண்டன. வலை வழியே 192 கோப்பை இழுத்து யூஎஸ்பியில் தள்ளும்போது அங்கே நெருக்கடி வரும்.

டிஏசி அல்ல, யூஎஸ்பியிலிருந்து எஸ்பிடிஐஎஃப் (ஆப்டிகல் அல்லது கோஆக்சியல் கேபிளில் செல்லும் டிஜிட்டல் ஒலி) ஆக மாற்றும் கருவி வைத்திருக்கிறேன். ஏதாவது வேறுபாடு உண்டா?

லினக்ஸைப் பொறுத்தவரை அதுவும் ஓர் ஒலி அட்டைதான். மேலே சொன்ன எல்லாம் பொருந்தும். ஆனால் ஸ்ட்ரீம்0 கோப்பு அந்த மாற்றியின் திறனை மட்டுமே சொல்லும், அதற்குப் பின்னால் இருக்கும் டிஏசியைப் பற்றி அதற்குத் தெரியாது. மாற்றி 192 ஏற்கும். ஆப்டிகல் வழியில் பல டிஏசிகள் 96க்கு மேல் பூட்டிக்கொள்ளாது. கணினி எல்லாம் சரி என்று சொல்லும்போதும் அறையில் மௌனம் நிலவினால் கோஆக்சியல் கேபிளுக்கு மாறிப் பாருங்கள்.

இவ்வளவும் செய்தால் காதுக்கு வித்தியாசம் தெரியுமா?

நேர்மையான விடை: பெரும்பாலும் மிகக் குறைவு. 16 பிட் ஏறத்தாழ 96 டெசிபல் வீச்சைத் தருகிறது, 44.1 கிலோஹெர்ட்ஸ் 22.05 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களைக் கொள்ளும். மனிதக் காது ஏறக்குறைய 20இல் நின்றுவிடும். 2007இல் மேயரும் மோரனும் வெளியிட்ட ஆய்வில், உயர் தெளிவு ஒலியையும் அதைக் குறுவட்டுத் தரத்துக்கு இறக்கியதையும் கேட்டவர்களால் பிரித்தறிய முடியவில்லை. 2016இல் ஜோஷுவா ரீஸ் 18 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, சிறிய ஆனால் புள்ளியியல்படி உண்மையான வேறுபாடு இருப்பதாகச் சொன்னார். சரியான விடைகளின் பங்கு 52.3 சதவீதம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பதிவும் மாஸ்டரிங்கும்தான் இசையை உயர்த்துகின்றன, வீதம் அதற்கு அடுத்த இடத்தில்தான் வருகிறது என்றே நான் கருதுகிறேன்.

அப்படியானால் ஏன் இந்தப் பாடு? இசைக்கலைஞரும் ஒலிப்பொறியாளரும் முடித்துக் கொடுத்த எண்கள், நான் கேட்காமல் யாரும் கைவைக்காமல், டிஏசியை அடைய வேண்டும் என்று விரும்புகிறேன். அந்த விருப்பத்துக்கு 16 பிட் குறுவட்டுக் கோப்பும் 24 பிட் கோப்பும் ஒன்றுதான்.

வாங்கிய கோப்பு உண்மையிலேயே ஹை-ரெஸ் தானா என்று கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், செய்யவும் வேண்டும். ஸ்பெக் என்ற சிறிய செயலியில் கோப்பைத் திறந்தால் அதன் அலைமாலை படமாக வரும். 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பில் 22 கிலோஹெர்ட்ஸ் அருகே கத்தியால் வெட்டியதுபோல் எல்லாம் நின்று, அதற்கு மேல் வெறும் கருப்பாக இருந்தால், அது 44.1 பதிவை ஊதிப் பெரிதாக்கிய கோப்பாக இருக்கலாம். பழைய நாடாப் பதிவுகளில் மேலே மெல்லிய இரைச்சல் மட்டும் படர்ந்திருக்கும். அதில் குற்றமில்லை, நாடாவின் இயல்பு அது. கூர்மையான கோடு தெரிந்தால் படத்தைச் சேமித்து, விற்றவரிடம் அனுப்பி விளக்கம் கேளுங்கள். ஹெச்டபிள்யூ_பாரம்ஸ் கோப்பில் 96000 என்று இருப்பது டிஏசி வரையிலான வழிக்கு மட்டுமே சான்று.